அளவெடுத்து உட்காருங்கள்

புதியம்புத்தூரில் டேப்பும் கத்திரியும் இல்லாத தெரு கிடையாது. தூத்துக்குடிக்கு மேற்கே, ஓட்டப்பிடாரம் வட்டத்தில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் இந்த ஊருக்குக் ‘குட்டித் திருப்பூர்’ என்றே பேர் விழுந்துவிட்டது. குழந்தைகளுக்கான கவுன், நைட்டி, சட்டை என்று வீட்டு முன்னறையிலும் மாடித் தகரக் கொட்டகையிலும் தைக்கிறார்கள். தீபாவளி நெருங்கும் மாதங்களில் ராத்திரியும் மெஷின் நிற்காது. தைத்த துணி மூட்டையாகி, ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டியிலும் வேனிலும் ஏறித் தமிழ்நாட்டுக் கடைகளுக்கும் கேரளத்துக்கும் போகிறது.

ஆக, உட்கார்ந்து பிழைக்கிறவர்கள் இந்த ஊரில் இரண்டு வகை. ஒருவர் மெஷின் முன்னால் உட்காருகிறார், இன்னொருவர் ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறார். சாயங்காலம் ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் கடுக்கிறது. இடுப்புக்குச் சற்று மேலே, பெல்ட் கட்டும் இடத்தில். தைலம் தேய்க்கிறார்கள், மாத்திரை போடுகிறார்கள், மறுநாள் அதே இடத்தில் அதே மாதிரி போய் உட்காருகிறார்கள்.

தோள் அளவில் அரை இஞ்சு பிசகினாலும் லாட் மொத்தமும் திரும்பி வரும் என்பது இங்கே தையல் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட ஊரிலும் காரில் ஏறினால், முந்தி ஓட்டியவர் விட்டுப்போன சீட்டில் அப்படியே உட்கார்ந்து சாவியைத் திருகுகிறோம். வீட்டில் ஒரே கார், அதை அண்ணன் ஓட்டுகிறான், தங்கை ஓட்டுகிறாள், மருமகன் வந்தால் அவரும் ஓட்டுகிறார். ஆறடிக்காரருக்கும் ஐந்தடிக்காரிக்கும் ஒரே சீட் வாகு. கார் என்பதும் ஒரு ரெடிமேட் உடுப்புதான். ஏதோ ஒரு சராசரி உடம்பை நினைத்து வெட்டியது. சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியும் பக்கத்தில் இருக்கும் நெம்புகோலும் அதை நம் உடம்புக்கு ஆல்ட்டர் செய்துகொள்ளத்தான் இருக்கின்றன. அதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியும், அதை நம்மிடமிருந்து பறிக்கிற காரணங்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதுகெலும்புக்குள் ஓர் ஊசி

உட்காருவது ஓய்வு என்று நினைக்கிறோம். காலுக்கு ஓய்வு என்பது சரி. முதுகுக்கு அப்படியில்லை. 1960களில் ஸ்வீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பியல் மருத்துவர், உயிரோடு இருக்கும் மனிதர்களின் முதுகுத்தண்டு வட்டுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது 140, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் 185 என்று அவருடைய அளவீடுகள் காட்டின. மல்லாந்து படுத்தால் 25. பிற்பாடு 1990களின் இறுதியில் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே குழுவினர் புதிய கருவிகளால் அளந்தபோது, நிற்பதற்கும் உட்காருவதற்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குனிந்து உட்காருவது வட்டுக்குப் பாரம் என்பதில் இரண்டு தரப்புக்கும் ஒரே முடிவுதான்.

முதுகு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசி முனையில் கண்ணை வைத்து, முன்னால் குனிந்து தைக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த 185 அவருடைய கணக்கு. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, முதுகு சீட்டில் படாமல், கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டு கார் ஓட்டுபவரின் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வரும்.

நாக்கெம்சனோடு வேலை செய்த குன்னர் ஆண்டர்சன் 1974இல் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டார். எப்படி உட்கார்ந்தால் அழுத்தம் குறையும்? சாய்மானத்தைப் பின்னால் சாய்க்கச் சாய்க்கக் குறைகிறது, இடுப்பு வளைவுக்கு ஒரு தாங்கல் கொடுத்தால் இன்னும் குறைகிறது என்று அவர் குழு அளந்து சொன்னது. கார் சீட்டையும் அவர்கள் தனியாக ஆராய்ந்தார்கள். இன்று சீட்டின் முதுகுப் பகுதியில் கீழே லேசாகப் புடைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பின்னால் இந்த மாதிரியான ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அந்தப் புடைப்பு உங்கள் இடுப்பு வளைவில் பதியாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. பழைய டிரைவர்கள் துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். ஆராய்ச்சி எதையும் படிக்காமல் அவர்கள் கண்டுபிடித்த அந்த வழி சரியான வழி.

கம்பு மாதிரி நேராக, தொண்ணூறு டிகிரியில் உட்காருவதுதான் ஒழுங்கு என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. கார் ஓட்ட அது உகந்ததில்லை. தொடைக்கும் முதுகுக்கும் இடையில் 100 முதல் 110 டிகிரி இருக்கும்படி கொஞ்சம் சாய வேண்டும். அதற்கும் மேலே சாய்ந்து, ஈஸிசேரில் கிடப்பது போல ஓட்டினால் கழுத்து முன்னால் நீண்டுவிடும். விபத்து நேர்ந்தால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவிவிடும். பெரிய காரில் அப்படிக் கிடந்து ஒற்றைக் கையால் ஓட்டுவது பெருமை என்று இளவட்டங்கள் நினைக்கிறார்கள். கயத்தாறு பக்கம் ஆடி மாதத்தில் போய் வாருங்கள். காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, லாரியைத் தாண்டி வெளியே வரும் நொடியில் காரைப் பக்கவாட்டில் தள்ளும். அப்போது இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கடிகாரத்தின் ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் உரிய இடங்களில், முழங்கை லேசாக மடங்கிய நிலையில் இருக்க வேண்டும்.

பொட்டலில் ஒரு வகுப்பு

ஊருக்கு வெளியே, அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த பொட்டலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்த காட்சி இது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் கார் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி. அக்கா சொந்தமாக மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பவர். கடைக்காரர்களைப் பார்க்கத் தூத்துக்குடிக்குத் தானே போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

“யக்கா, சீட்ட இன்னும் முன்னால தள்ளு.”

“தள்ளிட்டேம்டா. இதுக்கு மேல போனா ஸ்டியரிங் வயித்துல இடிக்கும்.”

“ரோடு தெரியுதுல்லா?”

“ரோடு தெரியுது. முன்னால பானட்டு எங்க முடியுதுன்னு தெரியல.”

தம்பி வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்திருந்தான். அதைப் போட்டு உட்கார்ந்ததும் பானட் தெரிந்தது. ஆனால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தலையணை அவரையும் சேர்த்து முன்னால் நழுவவிட்டது. அவர் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி.

டேப் இருக்கிறதா என்று கேட்டேன். தையல்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது? கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். நெஞ்செலும்பில் ஒரு முனையை அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் மூடியில் மறுமுனையைத் தம்பி வைத்தான். ஏழு இஞ்சு. குறைந்தது பத்து இஞ்சு, அதாவது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லும் அளவு. ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். அது விரிந்து முடிந்த பிறகு நாம் போய் அதில் சாய்ந்தால் அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும்போதே நம் நெஞ்சு அங்கே இருந்தால், அது நெஞ்சில் விழும் அடி. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அதனால் இந்தப் பத்து இஞ்சு இப்போது எல்லா வீட்டுக்கும் வந்துவிட்ட கணக்கு.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். முதலில் தலையணையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டோம். அந்தக் காரில் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே உயரம் கூட்டும் நெம்புகோல் இருந்தது. கார் வாங்கி இரண்டு தீபாவளி கடந்தும் வீட்டில் யாரும் அதைத் தொட்டதில்லை. அதைப் பம்பு அடிப்பது போல மேலும் கீழும் அசைக்க அசைக்க சீட் எழும்பியது. நெற்றிக்கும் கூரைக்கும் நாலு விரற்கடை போதும் என்றதும் நிறுத்தினோம். இடுப்பைச் சீட்டின் கடைசி மூலை வரைக்கும் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். கிளட்சை அடிவரை மிதிக்கச் சொன்னோம். அப்போது முழங்கால் விறைக்காமல் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். அந்த இடத்தில் சீட்டைப் பூட்டினோம். சாய்மானத்தை நிமிர்த்தி முதுகோடு சேர்த்தோம். தோள் சீட்டில் பட்டபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். படிந்தது. ஸ்டியரிங்கையும் கீழே இறக்கினோம். மீட்டர் முழுக்கத் தெரிந்தது. ஏர்பேக் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்தது.

மறுபடி டேப். பத்தேகால் இஞ்சு.

“முன்னாலயும் தள்ளல, பின்னாலயும் தள்ளல. எப்பிடில மூணு இஞ்சு கூடுச்சு?” என்று தம்பியிடம் கேட்டார். விளிம்பிலிருந்து பின்னால் போய் உட்கார்ந்ததில் கூடிய மூன்று இஞ்சு அது. அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு அதில் வருத்தமும் இருந்தது. இத்தனை நாளும் அவர் ‘எனக்கு கார் ஒத்துவராது’ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். காரைத்தான் யாரும் அவருக்கு ஒத்துவரும்படி வைத்துத் தரவில்லை.

மிச்சம் இருந்தவை சின்ன வேலைகள். தலைக்குப் பின்னால் இருக்கும் ஹெட்ரெஸ்ட்டைத் தலை சாய்த்துக்கொள்ளும் திண்டு என்று நினைத்துக் கழுத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். பின்னால் வரும் வண்டி இடித்தால் தலை பின்னால் மடங்காமல் காப்பதுதான் அதன் வேலை. அதன் மேல் விளிம்பு தலையின் உச்சியை ஒட்டியும், தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாகவும் இருக்க வேண்டும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோள்பட்டை நடுவில் போக வேண்டும். கர்ப்பிணிகள் என்றால் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில். இந்த மூன்று முனைப் பெல்ட்டை 1959இல் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் மனசு நிறையும் காரியம் அது. ஆனால் அந்தப் பெல்ட் எலும்பின்மேல் படிந்தால்தான் காப்பாற்றும். சேலை முந்தானைக்கும் தலையணைக்கும் இடையில் தொளதொளவென்று கிடந்தால் காப்பாற்றாது.

கண்ணாடிகளைக் கடைசியில்தான் திருப்ப வேண்டும். சீட் மாறினால் கண் மாறும், கண் மாறினால் கண்ணாடி மாறும்.

யாருடைய உடம்புக்கு வெட்டியது?

அந்தப் பெண்ணின் உயரம் ஐந்தடியை ஒட்டி இருக்கும். நம் ஊரில் அது குள்ளம் இல்லை, சராசரி. இந்தியப் பெண்களின் சராசரி உயரமே ஏறக்குறைய 152 சென்டிமீட்டர்தான். ஆனால் கார்களை மோதிப் பார்க்கும் சோதனைகளில் பல காலமாக ஓட்டுநர் இருக்கையில் உட்காரும் பொம்மை எது தெரியுமா? 1970களில் அமெரிக்காவில் உருவான ‘ஹைப்ரிட் 3’ ஆண் பொம்மை. உயரம் சுமார் 175 சென்டிமீட்டர், எடை 78 கிலோவை ஒட்டியது. பெண்ணுக்கென்று வந்த பொம்மை அந்த நாட்டுப் பெண்களிலேயே மிகச் சிறிய உடம்பைக் கணக்கில் வைத்துச் செய்தது. அது ஏறத்தாழ நம் சராசரிப் பெண்ணின் உயரம். அதாவது, அவர்களுடைய கணக்கில் ஓரத்தில் நிற்கும் உடம்புதான் நம் கணக்கில் நடுவில் நிற்கிறது. சராசரிப் பெண் உடம்புக்கு ஒரு மோதல் பொம்மை வேண்டும் என்று ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பொறியாளர் முனைந்து செய்துகாட்டியது 2022இல்தான். அந்தப் பொம்மையின் உயரமும் 162 சென்டிமீட்டர்.

நம் உடம்பை நாமே அளந்ததும் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேப்குமார் சக்ரவர்த்தியின் நூல் ஒன்றை வெளியிட்டது. இந்தியர்களின் கை நீளம், தொடை நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் வடிவமைப்பாளர்களுக்காக அதில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஆக, அளவு இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சீட்டை உயர்த்தும் நெம்புகோலையும், ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும் வசதியையும் விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் தருவதில்லை. கூடுதல் பணம் கொடுத்து மேல் மாடல் வாங்குகிறவருக்குத்தான் கிடைக்கும். பாட்டுப் பெட்டியை மேல் மாடலில் வையுங்கள், வண்ண விளக்கை வையுங்கள், சன்ரூஃப் வையுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. ஓட்டுகிறவரின் கண் சாலையைப் பார்ப்பதும், நெஞ்சு ஏர்பேக்கிலிருந்து விலகி இருப்பதும் ஆடம்பரமா? ஏர்பேக்கைக் கட்டாயமாக்கிய அரசு, அதன் முன்னால் சரியான தூரத்தில் உட்கார உதவும் இந்த இரண்டு சாதனங்களையும் அடிப்படை மாடலிலேயே கட்டாயமாக்க வேண்டும். கார் வாங்கப் போகிறவர்களும் ஷோரூமில் மைலேஜ் கேட்பதற்கு முன்னால், வீட்டில் ஓட்டப்போகும் எல்லோரையும் ஒருமுறை அந்தச் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பழைய காலம் இதைவிட மோசம். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன்சீட் நீளப் பலகை. கல்யாண வீட்டுக்கு டிரைவருக்குப் பக்கத்தில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து போனதை இனிப்பாகச் சொல்லும் தலைமுறை இன்னும் இருக்கிறது. கதவோடு ஒட்டி, உடம்பைக் கோணி உட்கார்ந்து ராத்திரி முழுக்க ஓட்டிய டிரைவரின் முதுகை அந்தக் கதையில் யாரும் சொல்வதில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு தனித்தனி முன்சீட் நமக்குப் பழகியது. 1998இல் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவும் அதற்குப் பின் வேகன்ஆரும், குனிந்து இறங்காமல் நாற்காலியில் அமர்வது போல ஏறி அமரும் உயரத்தைக் கொண்டுவந்தன. மூட்டுவலிக்காரர்களும் சேலை கட்டிய பெண்களும் அந்த உயரத்துக்காகவே அந்தக் கார்களை விரும்பினார்கள்.

கரிசல் தரும் குலுக்கல்

சீட்டைச் சரியாக வைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், இந்தப் பூமியில் தீராது. கரிசல் மண் உயிருள்ளது போல நடந்துகொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் மழைநீரைக் குடித்து உப்பும். சித்திரை வைகாசியில் காய்ந்து, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை அதில் மிகுந்திருப்பதுதான் காரணம். பருத்திக்கு இது வரம், சாலைக்கு இது சாபம். மேலே எவ்வளவு தார் போட்டாலும் அடிமண் உப்பிச் சுருங்கும்போது சாலை அலை அலையாக மாறிவிடும், ஓரம் நீளவாக்கில் பிளக்கும். சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பக்குவப்படுத்தியோ, உப்பாத மண்ணைப் பரத்தியோ, பிறகுதான் மேலே சாலை போட வேண்டும். நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கிராமச் சாலைகளில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளமே இல்லாத இடத்திலும் வண்டி படகு போல ஆடும்.

உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை மேலும் கீழும் குலுக்கினால், முதுகெலும்பு அந்தக் குலுக்கலைக் குறைக்காமல் கூட்டிக்கொள்கிறது. சாலையில் போகும் வண்டிகள் தரும் குலுக்கலில் கணிசமான பங்கு இந்த வீச்சைச் சுற்றித்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல், எட்டு மணி நேர வேலையில் ஒரு தொழிலாளியின் உடம்பு எவ்வளவு குலுங்கலாம் என்று அளவு வைத்துச் சட்டமே போட்டது. டிராக்டரும் லாரியும் ஓட்டுபவர்களின் முதுகைக் காக்கும் சட்டம் அது.

நம்மால் இப்போதே செய்ய முடிந்தவை சில இருக்கின்றன. டயரில் காற்றை அளவுக்கு மேல் அடைக்காதீர்கள். கல் போல அடித்தால் மைலேஜ் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கல்லில் உட்காருவது உங்கள் முதுகெலும்பு. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் தள்ளிப்போடாதீர்கள். பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள். சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா நாளில் இங்கே பர்ஸ் செங்கல் கனத்தில் இருக்கும். அதன்மேல் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தால் இடுப்பு கோணும், தொடைக்குள் போகும் நரம்பு நசுங்கும். 1978இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதை ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம், கழன்று பிரேக்குக்கு அடியில் போய் மாட்டும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காருக்கு, அந்த இடத்தை மூடித் தைத்த சீட் கவர் வாங்கவே கூடாது. சீட் கவர் தைக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஊருக்கே உரிய இன்னொரு சிரமம் வெயில். தூத்துக்குடி கிழக்கே இருக்கிறது. காலையில் சரக்கோடு போகிறவருக்கு எழும் சூரியன் முகத்துக்கு நேரே, சாயங்காலம் திரும்பும்போது விழும் சூரியன் முகத்துக்கு நேரே. இரண்டு தடவையும் கண் கூசி, கழுத்தை இறக்கி, முதுகை வளைத்து ஓட்டுகிறார்கள். சீட் தாழ்வாக இருந்தால் மேலே இருக்கும் சன்வைசர் மறைக்காது. சீட்டை ஓரிரு விரற்கடை உயர்த்தினாலே போதும், அது கண்ணுக்கு நிழல் கொடுக்கும். முன்கண்ணாடியின் உள்பக்கம் படிந்திருக்கும் தூசியையும் துடைத்துவிட்டால் கூச்சம் பாதி குறையும். சாலை வளைவுகளில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் இந்தப் பக்கத்தில், உயர்ந்த சீட் இன்னொரு வகையிலும் உதவும். புதருக்கு மேலே எதிர்வண்டியின் தலை முன்கூட்டியே தெரியும்.

குட்டி யானையின் முதுகு

சொந்தக் காரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இந்த ஊரின் பாரத்தைச் சுமப்பது குட்டி யானை. 2005இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து துணி மூட்டை, உப்பு, தீப்பெட்டி, கடலை மிட்டாய் என்று கரிசல் சீமையின் சில்லறைச் சரக்கில் பெரும்பகுதி அதன் முதுகில்தான் போகிறது. அந்தச் சின்ன கேபினில் சீட்டைத் தள்ளிவைக்க இடம் ஏது? டிரைவரின் முழங்கால் டேஷ்போர்டைத் தொடும், சீட்டுக்கு அடியிலிருந்து எஞ்சின் சூடு ஏறும், சாய்மானம் செங்குத்தாக நிற்கும். சீட்டை மாற்ற முடியாத இடத்தில் மாற்ற முடிவது நேரத்தைத்தான்.

அதற்குச் சட்டம் முன்பே வந்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பது அதன் பொது வரம்பாக இருந்தது. வண்டிகளை வைத்து வேலை வாங்கும் நிறுவனங்களுக்கான சட்டம் அது. சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் அந்தக் கை எட்டவில்லை. தீபாவளிச் சரக்கு ஏற்றிய வண்டி எட்டு மணி நேரக் கணக்கில் ஓடுவதைப் பார்த்தவர் யாரும் இல்லை. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது நல்ல காரியம். மூன்றரை டன்னுக்குக் குறைந்த குட்டி யானை அந்த விதிக்குள் வராது.

ஓட்டுநர் பள்ளிகளுக்காக மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. சீட்டில் உட்காரும் முன் பார்க்க வேண்டியவை, உட்கார்ந்த பின் பார்க்க வேண்டியவை என்று அதில் தனித்தனியாகவே உண்டு. நடைமுறையில் முதல் நாளே கிளட்சும் கியரும்தான். பள்ளிக் காரில் காலையிலிருந்து ஆள் மாறி ஆள் ஏறி இறங்குவதால் சீட் யாருக்கோ வைத்தபடி கிடக்கிறது. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி, ‘எச்’ போடச் சொல்வதற்கு முன்னால், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு, “உங்களுக்கு ஏற்ற மாதிரி வைத்து உட்காருங்கள்” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், கற்றுக்கொடுத்தார்களா இல்லையா என்று.

துணி மூட்டை ஏற்றி இறக்கும் டிரைவர்களுக்கு மட்டும் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் முதுகை முழுக்க வளைத்து உட்கார்ந்தவர்களின் முதுகுத்தண்டுத் தசைநார்கள் இளகி, நிமிர்ந்த பிறகும் உடனே பழைய இறுக்கத்துக்குத் திரும்பவில்லை. முதல் இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழப் பாதி திரும்பியது. அரை மணி நேரம் கழித்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நம் டிரைவர்கள் 20 நிமிடமா வளைந்து உட்காருகிறார்கள்? மணிக்கணக்கில் ஓட்டிவந்து, கடை வாசலில் இறங்கிய கையோடு குனிந்து முதல் மூட்டையை இழுப்பார்கள். முதுகு பிடித்துக்கொள்வதற்கு அந்த முதல் மூட்டை போதும். வண்டியை நிறுத்தியதும் கொஞ்சம் நடங்கள், கையை இடுப்பில் வைத்துப் பின்னால் வளையுங்கள், ஒரு டீ குடியுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் காத்திருக்கச் சொல்லுங்கள். முதலாளிமாரும் அந்தக் கால் மணி நேரத்தைச் சரக்குப் போய்ச் சேரும் நேரக் கணக்கில் சேர்த்தே வைக்க வேண்டும்.